மீசைக் கெளுத்தி

ஒரு மீன் எவ்வளவு நீளம் வளரும் என்ற விஷயத்தில்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு முறிந்தது. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் பிற்பாடு சிரிப்பு வந்தது. நடந்த அன்று வரவில்லை.

அண்ணன் வைத்திருந்தது அந்தப் பக்கத்திலேயே பெரிய அலங்கார மீன் கடை. உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் தொட்டிகள், நீல விளக்கு, காற்றுக் குழாய்களின் விடாத கொப்பளிப்பு. தங்கை அங்கே கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தாள். காலையில் வந்ததும் செத்து மிதப்பதை எடுப்பாள், கண்ணாடி துடைப்பாள், தண்ணீர் மாற்றுவாள், கேட்ட மீனை ஓட விடாமல் பிடித்துப் பையில் போட்டுக் கொடுப்பாள். கல்லா அண்ணனிடம், மற்றதெல்லாம் இவளிடம். அண்ணனுக்கு வியாபாரம் கை வந்த கலை. கல்லைக்கூட மீன் என்று விற்றுவிடுவான் என்று அண்ணியே சொல்வாள்.

ஒரு நாள் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. மேசைமேல் வைக்கிற மாதிரி சின்னத் தொட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். பாசி தின்கிற மீன் ஒன்றும் வேண்டும் என்றார்கள். அண்ணன் வழக்கம்போலக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருந்த சக்கர் மீன் குஞ்சைக் காட்டினான். விரல் நீளம்தான் இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்து, "அக்கா, இது ரொம்பப் பெருசாகுமா?" என்று கேட்டாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கிற பழக்கம் தங்கைக்கு இல்லை. ஈரக் கையை நீட்டி, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தடவிக் காட்டினாள். "இவ்ளோ."

அந்த ஜோடி மீனை வாங்கவில்லை; எடுத்து வைத்திருந்த தொட்டியையும் வாங்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

கதவு மூடியதும் அண்ணனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "வந்த வியாபாரத்தைக் கையைக் காட்டி அனுப்பிட்டியே! கடையில நிக்கிறவ வாயை மூடிக்கிட்டு நிக்கணும்."

"கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் சொல்ல வேணாம். சும்மா இருந்தா போதும். அது வளர்றப்ப பாத்துக்கலாம்."

"யார் பாத்துக்கறது? அது வளர்ந்தப்புறம் அந்தப் பொண்ணு அதைத் தலையில தூக்கி வெச்சுக்குவாளா?"

பேச்சு வளர்ந்தது. மீனை விட்டு மனுஷர்களுக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின கதையெல்லாம் வெளியே வந்தது. கடைசியில் அண்ணன், "தொட்டி கழுவறவளுக்கு இவ்ளோ வாய் ஆகாது" என்றான். சொன்னதும் அவன் முகமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் வார்த்தை போய்விட்டது. அவள் கையுறையைக் கழற்றிக் குழாய்மேல் போட்டாள்.

பின்பக்கத்து இருட்டுத் தொட்டியில் நாலைந்து மீன்கள் நெடுநாளாகக் கிடந்தன. வேறு எதற்கோ அனுப்பிய பெட்டியில் தவறி வந்தவை. கறுப்பும் பழுப்புமாக, உடம்பெல்லாம் புள்ளி. இவையும் கண்ணாடியில் ஒட்டும் கெளுத்தி வகைதான். ஆனால் ஆணுக்கு மூக்கைச் சுற்றி மரக்கிளை மாதிரி கிளைவிட்ட சதை முளைத்திருக்கும். பார்க்கிற குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யாரும் வாங்கியதில்லை.

"இதையெல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

"அந்த மூஞ்சிய யார் வாங்குவா? எடுத்துட்டுப் போ" என்றான் அண்ணன், அவளைப் பார்க்காமலே.

அவளுக்குத் தெரிந்து, அண்ணனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த மீன்கள் வந்து வெகுநாளாகியும் விரல் நீளத்தைத் தாண்டி அதிகம் வளரவில்லை. தினமும் தொட்டி கழுவுகிறவளின் கண்ணுக்குத்தான் அது படும்.

வீட்டில் அவள் கணவன் பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவான். பையையும் ஒரு தட்டுத் தட்டினான். "வீட்ல ஒரு மீசை போதாதா உனக்கு?" என்று தன் மீசையைத் தடவிக்கொண்டான்.

"அது பாசி தின்னும். நீங்க தின்னுவீங்களா?"

"நீ சமைச்சா தின்னுதானே ஆகணும்?"

அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கணவன் தன் ஸ்பேனர்களையும் பழைய கேபிள் சுருள்களையும் வைத்திருந்த பின்னறையைக் காலி செய்து கொடுத்தான். தொட்டி வைக்க ஸ்டாண்டும் அவனே வெல்டிங் செய்தான். "நடு அறையில வெக்காத. எடை எல்லாம் சுவரோரமா நிக்கணும். தண்ணின்னா இலேசுன்னு நெனைக்காத, தரையைக் கேட்டா தெரியும்" என்று சொல்லிச் சொல்லி வைத்தான். பிளாஸ்டிக் குழாயைச் சாண் நீளத்துக்கு அறுத்து, ஒரு பக்கம் அடைத்துக் கொடுத்தான். அவள் கேட்டது அதுதான். இந்த மீனுக்கு முட்டையிடக் குகை வேண்டும்.

குகையைப் போட்ட மறுநாளே பெரிய ஆண் மீன் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே தெரிந்தது மீசை மட்டும்தான். கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண் மீன் உள்ளே போனது. அடுத்து அவள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, குகையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் மணி மணியாக முட்டை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, கணவன் வந்ததும் அவனுக்குக் காட்ட ஒரு தடவை என்று டார்ச் அடித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் முட்டை முழுக்கக் குகைக்கு வெளியே சிதறிக் கிடந்தது. ஆண் மீன் தானே தள்ளி விட்டிருந்தது.

"பிரசவ அறையில ஆளுக்கொரு டார்ச்சோட நின்னா யாருக்குத்தான் பிடிக்கும்?" என்றான் கணவன்.

அடுத்த தடவை அவள் அந்தத் தொட்டியின் மேல் பழைய போர்வையைப் போட்டாள். தீனி போடும்போது மட்டும் ஓரத்தைத் தூக்கினாள். ஆண் மீன் குகையை விட்டு அசையவில்லை. வாலால் முட்டைக்கு விசிறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் வெள்ளரித் துண்டு போட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் போர்வையைத் தூக்கினால், வயிற்றில் மஞ்சள் பையோடு பொடிப்பொடியாகக் குஞ்சுகள், கண்ணாடி முழுக்க. எண்ணத் தொடங்கினாள், குழம்பிவிட்டது, எண்ணுவதை விட்டுவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

அதிலும் பாதி போயிற்று. பசிக்குமே என்று அவள் வெள்ளரியையும் கீரையையும் அள்ளிப் போட்டாள். தின்று மிஞ்சியது அழுகித் தண்ணீர் கெட்டது. காலையில் கதவைத் திறந்ததுமே நாற்றம் சொல்லிவிட்டது. அன்று அவள் அழவில்லை. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, உயிரோடிருந்த குஞ்சுகளைக் கிண்ணத்தால் ஒவ்வொன்றாக மொண்டு வேறு தொட்டிக்கு மாற்றினாள். வலை போட்டால் மீனின் துடுப்பு முள் வலையில் மாட்டிக்கொள்ளும் என்பதை அதற்குள் கற்றிருந்தாள். அன்றிலிருந்து மிஞ்சிய தீனியை மாலையிலேயே எடுத்துவிடுவாள். அதற்கப்புறம் அவள் தொட்டியில் நாற்றம் என்ற பேச்சே எழவில்லை.

குஞ்சுகள் கட்டை விரல் நீளம் ஆனதும் கொஞ்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முள் குத்தி ஓட்டையாகாமல் இருக்க இரண்டு பைகள், நடுவில் செய்தித்தாள். முதல் கடைக்காரர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சக்கர் மீனா? லோடு லோடா வருது, வேணாம்மா" என்றார்.

இரண்டாவது கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பறவைகளும் மீன்களும் சேர்ந்த ஒடுக்கமான கடை. கடைக்காரர் வயதானவர். கிளிகளின் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசிப் பேசி, வீட்டிலும் கத்தியே பேசுகிறவர்.

"மீசை வெச்சிருக்கே, கடிக்குமா?" என்று கத்தினார்.

"மீசை வெச்ச எல்லாரும் கடிக்கிறாங்களா சார்? இது பாசி தின்னும். இந்த விரலுக்கு மேல பெருசா வளராது. உங்க தொட்டியிலேயே விட்டுப் பாருங்க. பிடிக்கலேன்னா நானே வந்து எடுத்துட்டுப் போறேன்."

அவர் கடையில் கண்ணாடி எப்போதும் பச்சைப் பாசி படிந்து, உள்ளே மீன் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கும். அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. "ஏம்மா, என் கடையில மீன் தெரியுது!" என்று கத்தினார். "இன்னும் எவ்ளோ வெச்சிருக்க?"

அப்படித்தான் தொடங்கியது. ஒரு தொட்டி நாலானது, நாலு தொட்டி ஒரு சுவர் முழுக்க ஆனது. கணவன் ஞாயிற்றுக்கிழமைகளில் குழாய் அறுத்தான். பக்கத்துப் பேட்டைகளில் இருந்த சின்னக் கடைகளுக்கெல்லாம் மீன் போனது. அவளுக்கு 'மீசை மேடம்' என்று பெயர் வந்தது. கொடுத்த மீன் சாகவில்லை என்ற பெயரும் கூடவே வந்தது. வளர்ந்த தண்ணீரையே பையிலும் ஊற்றிக் கொடுத்தாள். புதுத் தொட்டியில் எப்படி விடவேண்டும் என்று கடைக்காரருக்கு நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். அவசரப்பட்டவர்களுக்கு மீன் தரவில்லை.

பறவைக்கடைக்காரர் அவளிடம் வாங்கியதை மற்றவர்களுக்கும் விற்றார். ஒரு நாள் அவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். போனில் கத்தினார்: "ஒரு பெரிய கடைக்கு உன் மீன் போகுதும்மா. மாசாமாசம் என்கிட்டதான் வாங்குவாரு. இந்தத் தடவை நீயே நேரா கொண்டுபோய்க் குடுத்துடு."

விலாசம் சொன்னார். அது அண்ணன் கடை.

போனை வைத்துவிட்டு அவள் தெர்மோகோல் பெட்டியை எடுத்தாள். கணவன் காதில் எல்லாம் விழுந்திருந்தது. பறவைக்கடைக்காரர் போனில் பேசுவது தெருவுக்கே கேட்கும். "நான் வேணா கொண்டுபோய்க் குடுத்துட்டு வரட்டுமா? மச்சான் என்கிட்ட பேசுவார்."

"என் மீன். நானே போறேன்" என்றாள்.

தெர்மோகோல் பெட்டியோடு அவள் கடைக்குள் நுழைந்தபோது உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. காவலாளி உடுப்பில் ஒருவர், காலடியில் பெரிய வாளி. வாளிக்குள் ஒரு சக்கர் மீன், முழு நீளத்துக்கு இடமில்லாமல் வாலை மடித்துக்கொண்டு கிடந்தது.

"பாசி தின்னும்னு சொல்லிக் குடுத்தீங்க. இப்ப மத்த மீனையெல்லாம் இடிச்சுத் தள்ளுது. 'அது இருக்கணுமா, நான் இருக்கணுமா'ன்னு என் பொண்டாட்டி கேக்கறா. என்ன பதில் சொல்லட்டும்?"

"வித்த சரக்கைத் திரும்ப எடுக்கறதில்ல சார்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்ப பக்கத்துக் குளத்துல விட்டுடறேன்."

"குளத்துல விடாதீங்க" என்று அவள் குரல் கொடுத்தாள். "அங்க இருக்கறதையெல்லாம் இது காலி பண்ணிடும். அண்ணா, வாளிக்கு ஏர் போடு, மூச்சு முட்டுது பார்."

அண்ணன் திரும்பினான். அவளைப் பார்த்தான். பழக்க தோஷத்தில் பக்கத்துத் தொட்டியிலிருந்து காற்றுக் குழாயை இழுத்து வாளிக்குள் போட்டான். மீன் செவுளை விரித்தது. "சரி, வெச்சுட்டுப் போங்க" என்றான் வேண்டாவெறுப்பாக. அண்ணன் மனசு மாறுவதற்குள் கிளம்பிவிடலாம் என்பதுபோலக் காவலாளி ஓடியே போனார்.

அவள் பெட்டியைத் திறந்து பைகளை எடுத்து வைத்தாள். அண்ணன் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தான். மீசை அரும்பத் தொடங்கிய குஞ்சுகள் பையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பறவைக்கடைக்காரர் அனுப்பினாரா உன்னை?"

"அவருக்குக் கால்ல அடி. சரக்கு என்னோடது."

"உன்னோடதா? இத்தனை நாளா நான் விக்கறதெல்லாம்..."

"ஆமா. யார் வாங்குவான்னு கேட்டியே, நீதான் வாங்கியிருக்க."

அண்ணனுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டான். கல்லாவிலிருந்து எழுந்து வந்து, ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினான். "உட்காரு. டீ சொல்றேன். இந்த ஒரு மீனுக்கே எங்கிட்ட ஆள் தேடி வராங்க தெரியுமா? நீ கடைக்கே திரும்பி வந்துடு. பின்னாடி இடம் தரேன். எல்லாத்தையும் இங்கேயே வளர்க்கலாம்."

"வரமாட்டேன் அண்ணா. நான் என் வீட்லயே வளர்த்துக்கறேன். உனக்கு மீன் வேணும்னா எல்லாக் கடைக்கும் தர மாதிரி உனக்கும் நேராவே தரேன். ஆனா ஒண்ணு." வாளியைக் காட்டினாள். "இதை விக்கறப்ப இவ்ளோ வளரும்னு சொல்லி வில்லு. ஒரு போர்டு எழுதி ஒட்டு."

அண்ணன் முகம் மாறியது. "என் கடையில எந்த போர்டு வெக்கணும்னு நீ சொல்லுவியா?"

"உன் கடை, உன் இஷ்டம். என் மீன், என் இஷ்டம்."

"போர்டு வெச்சா எவன் வாங்குவான்?"

"இடம் இருக்கறவன் வாங்குவான்."

டீ வந்தது. இரண்டு பேரும் தொடவில்லை. அண்ணன் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் எழுந்தாள். பிறகு பைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்ப அடுக்கி, மூடி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வழியில் வேறு இரண்டு கடைகளில் ஏறி இறங்கினாள். வீடு போவதற்குள் பெட்டி காலி.

பறவைக்கடைக்காரர் போனில் தலையில் அடித்துக்கொண்டது சத்தமாகவே கேட்டது. "பெரிய கடைம்மா அது! யாராவது விடுவாங்களா?"

"அவர் வருவார் சார்" என்றாள். "எனக்குத் தெரியாதா எங்க அண்ணனை?"

அண்ணன் வந்தான். ஆனால் உடனே வரவில்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்பார்ப்பதை நிறுத்தியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிப்படியில் அவன் மூச்சிரைப்பு கேட்டது. கணவன் கதவைத் திறந்து, "வாங்க மச்சான். உங்க தங்கச்சி பின்னாடி இருக்கா. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க, அங்க தரையெல்லாம் தண்ணி" என்றான்.

அண்ணன் பின்னறை வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தான். தொட்டிகளின் சுத்தத்தைப் பார்த்தான். ஒவ்வொரு குகையிலும் நீட்டிக்கொண்டிருந்த மீசைகளைப் பார்த்தான். கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தான்.

"போர்டு வெக்கல நான்" என்றான்.

"சரி" என்றாள் அவள், கண்ணாடியைத் துடைத்தபடி.

"எவன் போர்டைப் படிக்கறான்? நான் யோசிச்சேன். அந்த வாளி மீன் இருக்குல்ல, அதைப் பெரிய தொட்டியில விட்டு வாசலுக்கு நேரா வெச்சுட்டேன். பக்கத்துலேயே அதோட குஞ்சு. மேல ஒரே ஒரு வரி எழுதினேன்: 'இதுதான் அது.'"

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"தெருவுல போறவன்லாம் உள்ள வந்து பாக்கறான். 'ஐயய்யோ, இவ்ளோ வளருமா?'ங்கறான். 'ஆமா சார், வளராத மீன் ஒண்ணு இருக்கு, மீசை வெச்சது'ன்னு சொல்றேன். கேக்கறாங்க. எங்கிட்டதான் ஒண்ணுகூட இல்ல." அண்ணன் கையை விரித்தான். "ஒரு காலேஜ்லேர்ந்து வந்து பெரிய மீனோட போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. அதோட குஞ்சைக்கூட ஒருத்தர் வாங்கினார். வீட்ல நீச்சல் குளம் மாதிரி தொட்டி கட்டியிருக்காராம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் நினைத்தது ஒரு அட்டையும் பேனாவும்தான். அண்ணன் அதையே கடைக்கு ஆள் சேர்க்கும் வித்தையாக்கிவிட்டான். "நீ கல்லைக்கூட வித்துடுவன்னு அண்ணி சொல்றது சரிதான்" என்றாள்.

"அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன்" என்று அண்ணன் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தான்.

"சொன்ன."

"சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்." அவள் ஈரத் துணியைப் பிழிந்தாள். "ஆனா தொட்டி கழுவினதாலதான் இந்த மீன் வளராதுன்னே எனக்குத் தெரிஞ்சுது."

கணவன் மூன்று டம்ளர் டீயோடு வந்தான். இந்தத் தடவை எல்லோரும் குடித்தார்கள். அண்ணன் குனிந்து, போன் டார்ச்சை அடித்து ஒரு குகைக்குள் எட்டிப் பார்த்தான். "முட்டை இருக்கு! இவன் வெளியவே வரமாட்டானா? சாப்பாட்டுக்குக்கூடவா?"

"குஞ்சு பிரியற வரைக்கும் மாட்டான். டார்ச் அடிக்காத."

அண்ணன் டார்ச்சை அணைத்தான். பிறகு வியாபாரி விழித்துக்கொண்டான். ஓரத்துத் தொட்டியைக் காட்டி, "இதைக் கட்டிக் குடு, கையோட எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

"அது இன்னும் சின்னது. தரமாட்டேன்."

"உன் அண்ணனுக்கேவா?"

"யாருக்கும்தான். நடுத் தொட்டியில இருக்கறது தயார். அதை எடுத்துக்கோ. மத்தது வளர்ந்ததும் நானே கொண்டுவரேன்."

அண்ணன் கணவனைப் பார்த்தான். "இவளை எப்படி மாப்ள சமாளிக்கற?"

"நான் குழாய் அறுக்கறதோட சரி மச்சான்" என்றான் கணவன்.

அவள் கிண்ணத்தால் குஞ்சுகளை மொண்டு பையில் விட்டாள். அண்ணன் பையைப் பிடித்துக்கொண்டான். ஒருவர் கையை நீட்டுமுன் மற்றவர் எடுத்துக் கொடுப்பது, ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றுவது என்று கை வேலை பேச்சில்லாமலே நடந்தது. மூன்றாவது பை கட்டும்போதுதான் அண்ணனின் கண்ணில் ஜன்னலோரத் தொட்டி பட்டது. மணல் போட்ட தொட்டி. அதில் குட்டையாக, புள்ளி போட்ட கெளுத்திகள் கூட்டமாகத் தரையைக் கிளறிக்கொண்டிருந்தன.

"இது எதுக்கு? இதை வீட்ல யாரும் முட்டையிட வெச்சதில்ல. எல்லாம் வெளியிலேர்ந்து வர்றதுதான். வீண் வேலை."

"மழை பெய்யற மாதிரி குளிர்ந்த தண்ணி ஊத்தினா இடும்னு நெனைக்கறேன்."

"நெனைக்கற. இடுமா?"

அவள் ஐஸ் போட்டுக் குளிர வைத்திருந்த குடத்தை எடுத்து, இடுப்பில் வைத்துத் தொட்டிக்குள் சரித்தாள். தண்ணீர் மெல்லிய தாரையாக இறங்கியது. கீழே இருந்த மீன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பரபரவென்று மேலெழுந்து, கண்ணாடியோரம் ஏறி இறங்கின. அண்ணன் பையைக் கையில் பிடித்தபடியே குனிந்து பார்த்தான்.

"இடும்" என்றாள் அவள்.